கணுக்காலில் கட்டிய வாட்சும், யாரும் பார்க்காத காலும்

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால் கடைசி வரை படிச்சிடுங்க. நேரமில்லைன்னா 21-லிருந்து 24 வரைக்குமாவது படிங்க.

1/
"ஸ்மார்ட்வாட்சைக் கையில் கட்டாதீங்க, கணுக்காலில் கட்டுங்க, ஸ்டெப்ஸ் கரெக்டா வரும்"னு ஒரு ரீல் சுத்திக்கிட்டு இருக்கு. போன மாசம் மட்டும் எங்க ஓ.பி.யில் மூணு பேர் கேட்டுட்டாங்க. "டாக்டரம்மா, காலில் கட்டலாமா?" கேட்டவர்களுக்குச் சொன்ன பதில் இதுதான்: யார் கால் என்பதைப் பொறுத்தது.

2/
நான் மஞ்சூர் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எம்.பி.பி.எஸ். மட்டும்தான். இதய நிபுணரும் இல்லை, டெக் விமர்சகரும் இல்லை. ஆனா தினமும் கால் பார்க்கிறேன். தேயிலைத் தோட்டத்துக் கால், கம்பூட்ஸுக்குள் எட்டு மணி நேரம் ஊறின கால், அட்டை கடிச்ச கால், வெடிச்ச கால். அதனால் கால் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்குன்னு நினைக்கிறேன்.

3/
ஒரு அம்மா. வயசு 58. அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். தேயிலை பறிக்கிறவங்க. எட்டு வருஷமா சர்க்கரை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அம்மா மேல் உயிர். தீபாவளிக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்து, தன் போனோடு இணைச்சு வெச்சுட்டார். தினமும் 10,000 ஸ்டெப்ஸ் இலக்கு.

4/
வாட்ச் 3,000 சொச்சத்தைத் தாண்டவே இல்லை. ராத்திரி போன் வரும். "என்னம்மா, நடக்கவே மாட்டேங்கிற? டாக்டர் நடக்கச் சொன்னாங்கல்ல?" அந்தம்மா காலையில் ஆறரைக்கு வீட்டை விட்டு இறங்கி, சரிவில் ஏறி இறங்கி, இலை மூட்டையைத் தலையில் வெச்சு எடை போடுற இடம் வரைக்கும் சுமந்துட்டு, சாயங்காலம் விறகோட திரும்பி வர்றவங்க. அவங்ககிட்ட ஒரு வாட்ச் "நீ சோம்பேறி" என்கிறது. மகனும் அதை நம்புகிறார்.

5/
வாட்ச் ஏன் குறைச்சுக் காட்டுச்சு? மணிக்கட்டு வாட்ச் உங்க காலைப் பார்க்கிறதே இல்லை. அதுக்குள் இருக்கிற முடுக்கமானி கை வீசுகிற வீச்சைப் பார்த்து, "இப்படிக் கை ஆடினால் கால் நடந்திருக்கும்" என்று ஊகிக்கிறது. கை ஆடாமல் நடந்தால் அதுக்கு நடையே தெரியாது.

6/
எங்க ஊரில் யார் கை வீசி நடக்கிறாங்க? வருஷத்தில் பாதி நாள் ஒரு கையில் குடை. மீதி நாள் ரெண்டு கையும் ஸ்வெட்டர் பைக்குள். விறகு சுமந்தால் ஒரு கை தலைக்கு மேல். வயசானவங்க கையில் ஊன்றுகோல். இப்படி நடக்கிற நடையை எல்லாம் வாட்ச் விழுங்கிடும். அதே வாட்ச், நின்ன இடத்தில் கத்தரி பிடிச்சு இலை வெட்டினால் கை ஆட்டத்தைப் பார்த்து நடக்காத நடையையும் சேர்த்து எழுதிடும். ரெண்டு பக்கமும் தப்பு.

7/
ஆக, ரீல் சொல்றதில் பாதி உண்மை இருக்கு. அதை மறைக்க மாட்டேன். நடையை எண்ண கணுக்கால் நல்ல இடம்தான். ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிற ஸ்டெப்வாட்ச் என்ற கருவியைக் கணுக்காலில்தான் கட்டுவாங்க. மெதுவா, காலை இழுத்து நடக்கிற முதியவர்களின் அடிகளைக்கூட அது நல்லாப் பிடிக்கும். ஆனா அந்தக் கருவி கணுக்காலுக்காகவே செஞ்சது. உங்க வாட்சின் மென்பொருள் மணிக்கட்டுக்காக எழுதினது. அதைக் கொண்டுபோய்க் காலில் கட்டினால் எப்படி எண்ணும் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

8/
நானும் கட்டியிருக்கேன். வார்டில் கையை முழங்கை வரை கழுவணும், மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது. நைட் டியூட்டியில் எவ்வளவு நடக்கிறோம்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டு ரெண்டு வாரம் சாக்ஸுக்கு மேல் கட்டிப் பார்த்தேன். எனக்கு வயசு முப்பத்திச் சொச்சம், சர்க்கரை இல்லை, காலில் உணர்ச்சி நல்லா இருக்கு. கொஞ்சம் அழுத்தினாலே "உறுத்துதே"ன்னு கை தானா போய்த் தளர்த்திடும். அந்த உறுத்தல்தான் இந்தக் கதையில் முக்கியம். மறந்துடாதீங்க.

9/
அந்தம்மா கதைக்கு வருவோம். பேத்தி ரீல் பார்த்துட்டு, "பாட்டி, காலில் கட்டிக்கோ"ன்னு கட்டிவிட்டுடுச்சு. அன்னைக்கே 12,000! மகனுக்குச் சந்தோஷம், பாட்டிக்குச் சந்தோஷம், பேத்திக்குப் பெருமை. அந்தம்மா வாட்சைக் கழற்றவே இல்லை. அதுக்கு மேலேயே கம்பூட்ஸ் போட்டு வேலைக்குப் போனாங்க. வெளிப்பக்கக் கணுக்கால் எலும்புக்கும் பூட்ஸ் ரப்பருக்கும் நடுவில் அந்த வாட்ச். ஈரத்தோட, சரிவில் ஏறி இறங்கி, தினம் எட்டு மணி நேரம்.

10/
பதினேழாவது நாள் காய்ச்சல்னு வந்தாங்க. இருமல் இல்லை, சிறுநீர்க் கடுப்பு இல்லை. சர்க்கரை 340. "பூட்ஸைக் கழட்டுங்கம்மா." "கால் எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க டாக்டரம்மா." கழட்டினதும் அறையில் வாடை. வாட்சுக்கு அடியில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண், சீழ், சுத்தி சிவப்பு. "வலிக்கலீங்களாம்மா?" "இல்லீங்களே."

11/
இந்த "இல்லீங்களே"தான் ஒரு மருத்துவர் கேட்கிற மோசமான பதில்களில் ஒன்று. வலிச்சிருந்தால் முதல் நாளே கழற்றியிருப்பாங்க. சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தால் முதலில் சாகிறது பாதத்தின் நரம்பு. அந்தக் காலுக்கு உறுத்தல் தெரியாது, சூடு தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. வலி என்பது உடம்பு வெச்சிருக்கிற காவல்காரன். அவன் தூங்கிட்ட வீட்டுக்குள்தான் நாம வாட்ச் கட்டியிருக்கோம்.

12/
அழுத்தம் எப்படிப் புண்ணாகும்? தோலுக்கு ரத்தம் கொடுக்கிற நுண்குழாய்களுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 30 மி.மீ. பாதரசம்தான், அதாவது ரொம்பக் குறைவு. எலும்பு துருத்திக்கிட்டு இருக்கிற இடத்தில் ஒரு கெட்டியான பொருளை வெச்சு மணிக்கணக்கில் அழுத்தினால் அந்தத் தோலுக்கு ரத்தம் நின்னுடும். கூடவே ஈரமும் உராய்வும். அதோட, நின்னு வேலை செய்றவங்களுக்குச் சாயங்காலம் கால் வீங்கும். காலையில் சரியா இருந்த பட்டை மாலையில் இறுக்கும். மணிக்கட்டில் இந்த வீக்கப் பிரச்சினை இவ்வளவு வராது.

13/
சர்க்கரை நோயாளிக்குக் கால் எடுக்கிற நிலை வருவதில் பெரும்பாலானவை இப்படி ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பிச்சவைதான். ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர் என்று மதிப்பிட்டாங்க. ரீல் போடுற தம்பிக்கு இந்த 10 கோடி பேர் ஞாபகத்தில் இல்லை. "யார் கட்டக் கூடாது" என்று ஒரு வரி, முப்பது நொடியில் ஒரு மூணு நொடி. அதுக்கு இடமில்லாமல் போச்சு.

14/
"டாக்டர், ஸ்டெப்ஸ் மட்டுமா, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் எல்லாம் காட்டுதே?" காட்டும். நம்பலாமா என்பது வேற கேள்வி. வாட்சுக்கு அடியில் பச்சை விளக்கு எரியுதே, அது தோலுக்குள் ஒளி அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதைப் பார்க்குது. கணுக்காலில் எலும்பும் தசைநாரும் அதிகம், பட்டை சரியா படியாது, ஒவ்வொரு அடிக்கும் அதிர்வு. சில நேரம் வாட்ச் உங்க நடையின் தாளத்தையே இதயத் துடிப்புன்னு எழுதிடும். நிமிஷத்துக்கு 110 அடி நடந்தால் துடிப்பும் 110. பார்த்தால் ரொம்ப நம்பகமாத் தெரியும். அதான் ஆபத்து.

15/
ஆக்சிஜன் அளவு இன்னும் மோசம். மஞ்சூர் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம். குளிரில் தோலின் ரத்தக் குழாய் சுருங்கிடும். சுற்றுலா வந்தவங்க ராத்திரி பதறியடிச்சு வருவாங்க, "வாட்சில் 86 காட்டுது!" கையைத் தேய்ச்சு சூடாக்கி, விரலில் மருத்துவ ஆக்சிமீட்டர் மாட்டினால் 95. டீ குடிச்சுட்டுப் போய்ப் படுங்கன்னு அனுப்புவோம். விரலில் மாட்டுகிற மருத்துவக் கருவியே கறுத்த தோலில் தடுமாறும். 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஆக்சிமீட்டர் "நல்லா இருக்கு"ன்னு சொன்னபோதே உள்ளே ஆக்சிஜன் குறைந்திருந்தது கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். கருவியின் நிலையே அதுன்னா, கணுக்காலில் கட்டின வாட்சைப் பற்றி நீங்களே யோசிச்சுக்கோங்க.

16/
வாட்சில் சர்க்கரை அளவு காட்டுதுன்னு விற்கிறாங்க. ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரையைத் தானே அளக்கும் எந்த வாட்சுக்கும், மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கலை, அதை நம்பாதீங்கன்னு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விட்டுச்சு. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் கூட்டிக் குறைச்சால் உயிருக்கே ஆபத்து. கையில் கட்டினாலும் சரி, காலில் கட்டினாலும் சரி.

17/
இன்னொருத்தர். ஜீப் ஓட்டுறவர், 49 வயசு. ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சில் கல்லு வெச்ச மாதிரி இருந்திருக்கு, இடது தோள் வரைக்கும். வாட்சைப் பார்த்திருக்கார். துடிப்பு 78. "நார்மல்தான், கேஸா இருக்கும்"னு சோடா குடிச்சுட்டுப் படுத்துட்டார். காலையில் ஏழு மணிக்கு வேர்த்து ஒழுகி வந்தார். ஈ.சி.ஜி.யில் தெளிவா மாரடைப்பு. ஒன்பது மணி நேரத் தாமதம். பிழைச்சுட்டார். ஆனா இதயத்தில் செத்த தசை திரும்பி வராது. இப்போ மலை ஏறினால் மூச்சு வாங்குது, ஜீப்பை வித்துட்டார்.

18/
மாரடைப்பில் இதயத் துடிப்பு நார்மலாகவே இருக்கலாம். வாட்சால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு ஆப்பிள் நிறுவனமே தன் குறிப்பில் எழுதி வெச்சிருக்கு. வாட்ச் எடுக்கிற ஈ.சி.ஜி. ஒரே கோணத்தில் எடுக்கிறது. நாங்க எடுக்கிறது பன்னிரண்டு கோணம். ஒரு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு, வீட்டில் எங்கேயும் தீ இல்லைன்னு சொல்ல முடியுமா?

19/
ஒரு சுவாரசியம். ஈ.சி.ஜி.யைக் கண்டுபிடிச்ச ஐந்தோவன், நெதர்லாந்தின் லைடனில், ரெண்டு கையையும் இடது காலையும் உப்புத் தண்ணி வாளிக்குள் விடச் சொல்லித்தான் பதிவு எடுத்தார். 1924-ல் நோபல் பரிசு. இன்னைக்கும் இடது காலுக்கு ஈ.சி.ஜி.யில் இடம் உண்டு. வாட்சை இடது காலில் வெச்சு வலது கை விரலால் தொட்டால் இன்னொரு கோணம் கிடைக்கும், அதைச் சோதிச்ச ஆய்வுகளும் இருக்கு. அதனால் "காலில் கட்டுறதே முட்டாள்தனம்"னு நான் கேலி பண்ணலை. ஆனா அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில் இருக்கணும். உங்க வரவேற்பறையில் அவர் இல்லை.

20/
நெஞ்சில் அழுத்தம், வேர்வை, தோள்பட்டை வலி, மூச்சு வாங்கல் இருந்தால் வாட்சைப் பார்க்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க, இல்லை பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்க. 2023-ல் தொடங்கின "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ், மொத்தம் 14 மாத்திரை, வெச்சிருக்காங்க. இங்கிருந்து ஊட்டிக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பனியும் மழையும் இருந்தால் இன்னும் கூட. அந்த நேரத்துக்குள் உள்ளே போகிற 14 மாத்திரையின் மதிப்பு எந்த வாட்சின் விலையை விடவும் அதிகம்.

21/
இப்போ நேரடி பதில். யார் கணுக்காலில் வாட்ச் கட்டவே கூடாது:
சர்க்கரை நோயாளிகள், முக்கியமா ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர்கள்.
காலில் மரமரப்பு, எரிச்சல், பஞ்சு மேல் நடக்கிற மாதிரி உணர்வு உள்ளவர்கள்.
கால் வீக்கம், நரம்பு சுருட்டல், காலில் ரத்தம் கட்டின வரலாறு உள்ளவர்கள்.
நடந்தால் கெண்டைக்கால் வலிச்சு, நின்னால் சரியாகிறவர்கள், குறிப்பா பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள்.
தொழுநோய் வந்து குணமாகி, காலில் உணர்ச்சி குறைந்தவர்கள்.
கர்ப்பிணிகள், கால் வீங்கும் மாதங்களில்.
தோல் காகிதம் போல மெலிந்த முதியவர்கள்.

22/
மத்தவங்க கட்டலாம். குழந்தை வண்டி தள்ளுறவங்க, வாக்கர் பிடிச்சு நடக்கிறவங்க, கையில் எதுவும் கட்ட முடியாத வேலை செய்றவங்க, இவங்களுக்கு உபயோகம்தான். ஆனா கணுக்கால் எலும்புக்கு மேலே, சாக்ஸுக்கு மேல், ரெண்டு விரல் நுழையற அளவுக்குத் தளர்வா கட்டுங்க. பூட்ஸுக்கு அடியில் வேண்டாம். நடக்கும்போது மட்டும் கட்டி, முடிஞ்சதும் கழற்றி, தோலைப் பாருங்க. ஸ்டெப்ஸை மட்டும் எடுத்துக்கோங்க, துடிப்பு, ஆக்சிஜன், தூக்கக் கணக்கு எல்லாத்தையும் புறக்கணிங்க. கீழே விழுந்தால் எச்சரிக்கும் வசதியும் காலில் இருக்கும்போது வேலை செய்யும்னு நம்பாதீங்க.

23/
இதே விதி காலில் கட்டுற கறுப்புக் கயிறுக்கும், இறுக்கமான கொலுசுக்கும், விரலை வெட்டுற மெட்டிக்கும் பொருந்தும். நம்பிக்கையைக் குறை சொல்லலை. சர்க்கரை நோயாளியின் வீங்கின காலில் கயிறு சதைக்குள் புதைஞ்சு கிடக்கிறதைப் பார்த்திருக்கேன். கண் திருஷ்டிக்குக் கட்டின கயிறு காலுக்கே திருஷ்டியாகிடக் கூடாது. தளர்த்திக் கட்டுங்க, இல்லைன்னா கையில் கட்டிக்கோங்க.

24/
வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. வாட்ச் வேண்டாம், போன் வேண்டாம். உங்க அம்மாவோ அப்பாவோ கண்ணை மூடிப் படுக்கட்டும். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், இந்த மூணு விரல் நுனியையும் உங்க ஆள்காட்டி விரலால் மெதுவா, ஒன்றிரண்டு நொடி தொடுங்க. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிஞ்சால் "ஆமா" சொல்லட்டும். மொத்தம் ஆறு இடம். ரெண்டோ அதுக்கு மேலோ தெரியலைன்னா அந்தக் கால் ஆபத்தில் இருக்கு. உடனே மருத்துவரிடம் காட்டுங்க. இப்ஸ்விச் தொடு சோதனைன்னு இதுக்குப் பேர். ரெண்டு நிமிஷம். செலவு பூஜ்யம்.

25/
எங்க மலைக்காரர்களுக்குக் கூடுதலா நாலு வார்த்தை. குளிருதுன்னு உணர்ச்சி இல்லாத காலை அடுப்புப் பக்கம் நீட்டாதீங்க, வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெந்நீரில் காலை விடும் முன் முழங்கையால் சூடு பாருங்க. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிட்டுப் போடுங்க, உள்ளே கல்லோ குச்சியோ இருக்கும். வேலை முடிஞ்சதும் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைங்க. ராத்திரி ஒரு கண்ணாடியைத் தரையில் வெச்சு உள்ளங்காலைப் பாருங்க. அரசு மருத்துவமனையில் எம்.சி.ஆர். செருப்பு பற்றிக் கேளுங்க.

26/
இனி அந்த 10,000. இது எந்த மருத்துவ ஆராய்ச்சியிலும் பிறந்த எண் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச அடுத்த வருஷம், 1965-ல், ஜப்பானில் யமாசா என்ற கடிகார நிறுவனம் ஒரு நடைமானி விற்றது. பேர் "மான்போ-கெய்", அதாவது பத்தாயிரம் அடி மானி. விளம்பரத்துக்கு வெச்ச பேர் உலகத்துக்கே விதியாகிப் போச்சு. அந்த எண்ணுக்காகத்தான் ஒரு மகன் அம்மாவைத் திட்டினார்.

27/
ஆராய்ச்சி என்ன சொல்லுது? 2019-ல் சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களிடம் செய்த ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியலை. 2025-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் வெளியிட்ட தொகுப்பாய்வும் 7,000 அடியே நல்ல இலக்குன்னு சொல்லுது. இதெல்லாம் பெரும்பாலும் உட்கார்ந்து வாழ்கிற உலகத்துக்கான கணக்கு. தேயிலைச் சரிவில் நாள் முழுக்க நிற்கிற உடம்புக்குத் தேவை இன்னும் ஐயாயிரம் அடி கிடையாது. ஓய்வு, நல்ல சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, காலுக்கு ஏத்த செருப்பு.

28/
எண்ணுக்குப் பரிசு வெச்சால் மனுஷன் எண்ணைத்தான் வளர்ப்பான், உடம்பை வளர்க்க மாட்டான். ஆபீஸில் ஸ்டெப்ஸ் போட்டி வெச்சால் வாட்சை நாய்க் கழுத்தில் கட்டுறாங்க, ஊஞ்சலில் கட்டுறாங்க. உடல்நலப் பழக்கத்துக்கு வெகுமதிப் புள்ளியும் பிரீமியத் தள்ளுபடியும் தரக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 2020-லேயே வழிமுறை வகுத்தாச்சு. நோக்கம் நல்லதுதான். ஆனா நாளைக்குப் புள்ளிக்காகச் சர்க்கரைக் காலில் வாட்ச் இறுக்கிக் கட்டினால், வர்ற புண்ணுக்கு யார் பொறுப்பு?

29/
இன்னொரு பக்கமும் இருக்கு. சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜி.பி.எஸ். வாட்ச் கட்டி, அவங்க எங்கே நிற்கிறாங்கன்னு கண்காணிச்சாங்க. பணியாளர்கள் எதிர்த்தாங்க. அங்கே முதலாளி பார்த்தார், இங்கே மகன் பார்க்கிறார். நோக்கம் வேற, ஒன்று அதிகாரம், ஒன்று பாசம். ஆனா ரெண்டிலும் ஒன்றுதான் நடக்குது: உழைக்கிற உடம்பு சொல்றதைக் கேட்காமல், அதில் கட்டியிருக்கிற கருவி சொல்றதைக் கேட்கிறோம். "இன்னைக்குக் கால் கடுக்குதுப்பா" என்று அம்மா சொன்னால் அது பேச்சு. வாட்ச் 3,000 என்றால் அது சான்று.

30/
"டாக்டர் டெக்னாலஜிக்கு எதிரி"ன்னு கமெண்ட் வரும், தெரியும். இல்லைங்க. ஆப்பிள் ஹார்ட் ஸ்டடியில் 4,19,297 பேர் கலந்துக்கிட்டாங்க. வாட்ச் எச்சரிச்சது 0.52 சதவீதம் பேரைத்தான். அதில் பேட்ச் ஈ.சி.ஜி. அனுப்பினவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியாச்சு. பக்கவாதம் வராமல் தடுக்க அது உதவலாம். அதனால் வாட்ச் "துடிப்பு ஒழுங்கா இல்லை"ன்னு சொன்னால் வந்து காட்டுங்க. வாட்ச் எச்சரிச்சால் கேளுங்க. வாட்ச் "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு சொன்னால் மட்டும் நம்பாதீங்க. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கிட்டால் போதும்.

31/
அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு? ஊட்டிக்கு அனுப்பினோம். நல்ல வேளை, எலும்புக்குள் போகலை. சுத்தம் பண்ணி, ஆன்டிபயாட்டிக், இன்சுலின், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு. ஏழு வாரத்தில் ஆறிச்சு. ஆனா ஏழு வாரம் வேலைக்குப் போகலை. தினக்கூலிக்காரங்களுக்கு ஏழு வாரம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். வாட்ச் வாங்கின காசை விடப் பல மடங்கு.

32/
மகன் திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடிச்சு வந்தார். குற்ற உணர்ச்சியில் பேச்சே வரலை. நான் திட்டலை. அவர் செஞ்சது பாசத்தில்தான். ஒன்றுதான் கேட்டேன்: "கடைசியா அம்மா காலை எப்போ பார்த்தீங்க?" யோசிச்சுப் பார்த்தார். பதில் இல்லை.

33/
அவரை மட்டும் கேட்டால் நியாயமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் மூலம் அந்தம்மா வீட்டுக்கு மாசாமாசம் மாத்திரை போய்ச் சேர்ந்துச்சு. நல்ல திட்டம், மலைக்கிராமத்தில் அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனா அந்த எட்டு வருஷத்தில் அவங்க எத்தனை தடவை எங்க மாதிரி மருத்துவர் முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க? சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டிருப்போம், மாத்திரை எழுதியிருப்போம், அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்போம். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது பூட்ஸைக் கழட்டச் சொல்ல எங்களுக்கும் நேரம் இருந்ததில்லை. நாங்களும் எண்ணைத்தான் பார்த்தோம், காலைப் பார்க்கலை. நானும் அதில் ஒருத்திதான்.

34/
அதனால் இப்போ எங்க ஓ.பி.யில் ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். சர்க்கரை நோயாளி வந்தால் உட்கார்ந்ததும் செருப்பு கழட்டணும். சிஸ்டர் ஆறு விரலையும் தொட்டுப் பார்ப்பாங்க. முதலில் கூச்சப்பட்டாங்க, "காலை எல்லாம் தொடாதீங்கம்மா, பாவம்"னு பின்னுக்கு இழுத்துக்குவாங்க. இப்போ பழகிடுச்சு. வரிசை கொஞ்சம் நீளுது. நீளட்டும்.

35/
பெத்தவங்களுக்கு வாட்ச் வாங்கிக் கொடுங்க, வேண்டாம்னு சொல்லலை. கையில் கட்டச் சொல்லுங்க. எத்தனை அடின்னு கேட்கிற அதே போனில், "கால் எப்படிம்மா இருக்கு?"ன்னும் கேளுங்க. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கீழே உட்கார்ந்து, அவங்க பாதத்தை மடியில் எடுத்து வெச்சு, விரல் இடுக்கு வரைக்கும் பாருங்க. அந்தக் காலில் எதைக் கட்டலாம் என்கிற கேள்வி அதுக்கு அப்புறம்.

36/
நீளமா எழுதிட்டேன், பொறுத்துக்கோங்க. 24-ஆவது பதிவில் இருக்கிற சோதனையை இன்னைக்கு ராத்திரியே வீட்டில் செஞ்சு பாருங்க. ஆறில் எத்தனைன்னு கீழே சொல்லுங்க. முடிஞ்சவரை பதில் சொல்றேன். நாளைக்கு டியூட்டி இருக்கு, கொஞ்சம் தாமதமாகலாம்.